கீழிருந்து மூன்றாவது தகடு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கப்பல் ஏறி இன்றோடு ஆறு நாள். கையைக்கூட அசைக்கவில்லை. உன் கப்பலை நான் ஓட்டைச் சட்டி என்று சொன்னது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ அத்தனை மாலுமிகள் முன்னால், "அந்தச் சட்டிக்கு நல்ல சட்டின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தது யாரு? நீதானே?" என்று கேட்டாயே, அது மட்டும் சரியா? அண்ணி என்னைப் பார்க்க, நான் அண்ணியைப் பார்க்க, பேண்டு வாத்தியம் வேறு காதைப் பிளக்க, நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் தேய்ந்தா போயிருப்பாய்?

மிச்சச் சண்டையை நீ வந்ததும் போட்டுக்கொள்ளலாம். இப்போது எழுதுவது வேறு விஷயம்.

உன் கப்பலோடு பிறந்த இரட்டைக் கப்பல் எங்கள் உலர்துறைக்கு வந்திருக்கிறது. ஒரே தளம், ஒரே வருஷம், ஒரே வரைபடம். உன்னுடையது போருக்குப் போய்ப் பேர் வாங்கியது. இது போர் நடந்த அந்த வருஷம் முழுக்கப் பழுதாகித் துறைமுகத்தில் கிடந்தது. அதனால் இதற்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் இல்லை, அழ ஆளும் இல்லை. உடைக்கச் சொல்லிவிட்டார்கள். உடைக்கும் இடம்வரை இழுத்துப் போகத் தாங்குமா என்று தட்டிப் பார்க்க என்னை அனுப்பினார்கள்.

இடப்பக்கம், பம்பு அறைக்கு நேர் வெளியே, கீழிருந்து மூன்றாவது தகடு. லேசாகத்தான் தட்டினேன் அண்ணா. சுத்தியல் உள்ளே போய்விட்டது. பிடியோடு மாட்டிக்கொண்டது. இழுத்ததும் துரு பொலபொலவென்று என் காலணிமேல் கொட்டியது. சுற்றிலும் நாலு தகடு அப்படித்தான். பம்பு அறையில் உப்புத் தண்ணீர் எப்போதும் தேங்குவதால் அந்த இடம் உள்ளிருந்தே அரித்திருக்கிறது.

உன் கப்பலிலும் அதே இடத்தில் அதே தண்ணீர்தானே இத்தனை வருஷம் தேங்கியிருக்கும்? ஆனால் நவம்பரில் நான் அதைத் தட்டியபோது சுத்தியல் கனமாகத் துள்ளித் திரும்பியது. சத்தம் கொஞ்சம் மந்தம்தான். பெயிண்ட் அடை அடையாக இருப்பதால் என்று நினைத்து "நல்லா இருக்கு" என்றேன், நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாய். துளை போட்டுத் தகட்டின் கனத்தை அளக்க நேரம் இல்லை, நினைவு நாளுக்குக் கப்பல் கிளம்பியாக வேண்டும் என்று எல்லாரும் பறந்தார்கள். விதிப்படி நான் உள்ளே இறங்கியும் பார்த்திருக்க வேண்டும். நீதான், "உள்ள நான் பார்த்துட்டேன், நீ எதுக்கு எண்ணெயில புரளப் போற" என்றாய். இரண்டு பக்கமும் பார்த்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? இறங்கிப் பார்த்து உடனே எழுது.

தங்கை


ஜனவரி 21

அன்புள்ள சுத்தியலுக்கு,

உன் கடிதம் இந்தத் துறைமுகத்தில் கிடைத்தது. சாப்பிட்டியா? உடம்பு எப்படி இருக்கிறது? அண்ணியோடு சண்டை போடாமல் இருக்கிறாயா?

கையசைக்காததற்குக் கோபம் காரணமில்லை. என் இரண்டு கையிலும் கேப்டனின் மேஜை விளக்கு இருந்தது. புதுக் கேப்டன், புது விளக்கு, புதுப் பெயிண்ட். நான் வந்தபிறகு இவர் ஐந்தாவது கேப்டன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சாம்பல் நிறம் பிடிக்கும். இந்தக் கப்பலில் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் நம் மேலும் ஒரு கோட் அடித்துவிடுவார்கள். பம்பு அறையில் என்னோடு வேலை பார்க்கிற தூங்குமூஞ்சியின் இடது செருப்பு நிஜமாகவே இப்போது சாம்பல் நிறம். நின்றபடி தூங்குவான் என்று சொல்வேனே, அவனேதான்.

அந்தக் கடற்சண்டையில் இருந்த மூன்று கிழவர்களை இங்கே ஏற்றிக்கொண்டோம். ஒருவருக்குக் கண் தெரியாது, ஆனால் படி ஏறுகிறார், இறங்குகிறார், தலையை எங்கே குனிய வேண்டுமோ அங்கே குனிகிறார். பாய்லர் அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா இங்கதான் நின்னாரு தம்பி" என்றார். உனக்குப் புத்தகத்தில் இருக்கிற மூன்று வரிதான் தெரியும். பதினான்கு சரக்குக் கப்பல்களுக்கும் எதிரிக்கும் நடுவில் போய் நின்று, இரண்டு மணி நேரம் புகையை எழுப்பி அவற்றை மறைத்த கப்பல். கப்பலா எழுப்பியது? அப்பாவும் இன்னும் ஆறு பேரும் கீழே நின்று, காற்றை அடைத்து எண்ணெயைக் கூட்டி, மூச்சு முட்ட முட்ட அந்தக் கரும்புகையை எழுப்பினார்கள். குண்டு அந்தப் புகைபோக்கியைப் பார்த்துத்தான் வந்ததாம். எனக்கு எட்டு வயது. நீ அம்மா வயிற்றில்.

நினைவு நாள் அன்று, அப்பாவையும் மற்றவர்களையும் கடலில் இறக்கி அடக்கம் செய்த இடத்தில் மலர்வளையம் போடப்போகிறோம். முப்பத்து நாலு வருஷத்தில் இந்தக் கப்பல் அங்கே திரும்பிப் போவது இதுதான் முதல் தடவை. துணைக்கு ஒரு சின்னக் கப்பலில் விருந்தாளிகள் வருகிறார்கள்.

தகடு பற்றிக் கவலைப்படாதே. அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு. சாப்பிட்டியா என்று அண்ணியையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


பிப்ரவரி 1

அண்ணா,

ஒரு கடிதத்தில் மூன்று தடவை சாப்பிட்டியா, சாப்பிடு, சாப்பிட்டியா. என் சிலேட்டை உடைத்துவிட்டு வந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டாய். எனக்கு வந்த வேலை உத்தரவை மூன்று நாள் சட்டைப் பையில் மறந்து வைத்துவிட்டு வந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டாய். நீ எதையாவது மறைத்தால் உனக்கு என் வயிற்றின் மேல்தான் அக்கறை வரும். யாரிடம் உன் கதை?

அந்தத் தகட்டை இறங்கிப் பார்த்தேன் என்று ஒரு வரி இல்லை. கண் தெரியாத கிழவர் எங்கே தலை குனிந்தார் என்று எழுதத் தெரிகிறது, என் கேள்விக்குப் பதில் எழுதத் தெரியவில்லை.

இரட்டைக் கப்பலின் அந்தத் தகட்டில் ஒரு துண்டை உடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மேஜைமேல் இருக்கிறது. அண்ணி அதை மரப்பட்டை என்று நினைத்துக் குப்பையில் போடப் போனார். "இது இரும்பு அண்ணி" என்றேன். விரலால் நெருடிப் பார்த்தார், ஓரம் உதிர்ந்தது. "இதை வெச்சா கப்பல் கட்டுறாங்க?" என்று சிரித்தார். உன் கப்பலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை, உள்ளே போய்விட்டேன்.

உண்மையை எழுது. தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 12

அன்புள்ள தங்கைக்கு,

சரி, எழுதுகிறேன். திட்டுவதானால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

தகட்டுக்குப் பின்னால் சிமெண்ட் இருக்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், பெரிய அணிவகுப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது அந்த இடத்தில் கசிவு வந்தது. சுண்டு விரல் கனத்துக்குத் தண்ணீர். அப்போதிருந்த கேப்டன் காதோடு சொன்னார், "அணிவகுப்பு முடியட்டும், அதுவரைக்கும் எதையாவது செஞ்சு நிறுத்து." நானும் தூங்குமூஞ்சியுமாக இரண்டு இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் பலகையால் ஒரு பெட்டி அடித்து, சிமெண்டைக் குழைத்துக் கொட்டினோம். நின்றுவிட்டது. அவசரத்துக்கு எந்தக் கப்பலிலும் செய்வதுதான், அடுத்த பழுதுபார்ப்பில் உடைத்தெடுத்துப் புதுத் தகடு போட வேண்டும். அணிவகுப்பு முடிந்ததும் கேப்டன் மாறிப் போனார். பதிவேட்டில் யாரும் எழுதவில்லை. பிறகு எழுதப் போனால், முன்னாலேயே ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். இந்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். புதுக் கேப்டன் வந்து அதன்மேலும் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். அடுத்தவர் வந்தார், இன்னொரு கோட். இப்போது அதைப் பார்க்கிறவனுக்கு அது கப்பலோடு பிறந்தது என்றுதான் தோன்றும். எனக்கே சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது.

நீ தட்டிய தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறதோ தெரியாது. உன் சுத்தியலைத் திருப்பித் தள்ளியது என் சிமெண்ட்.

அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். திறந்திருந்தால் நீ அந்தத் தகட்டைத் தேறாது என்று தள்ளியிருப்பாய். பக்கத்துத் தகடுகளையும் தள்ளியிருப்பாய். இத்தனை தகடு மாற்றுவதைவிட உடைத்துவிடலாம் என்றிருப்பார்கள். அப்பாவைப் போட்ட இடத்துக்கு இந்தக் கப்பல் ஒரே ஒரு தடவை போகப்போகிறது. நான் அதில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் நின்ற கப்பலில் பதினெட்டு வருஷம் நின்றிருக்கிறேன், அவர் போன இடத்தை ஒரு தடவை பார்க்கக் கூடாதா? இது ஒன்றுதான் காரணம். போய்விட்டு வந்ததும் நானே சொல்லியிருப்பேன்.

சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணா,

முழுக்கப் படித்துவிட்டேன். நாலு தடவை படித்தேன். இப்போது திட்டலாமா?

எனக்கு அப்பா முகம் தெரியாது. அவரை நான் சுவரில் மாட்டிய படமாகத்தான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீதான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தது நீ, காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியது நீ. இல்லாத அப்பாவைப் பார்க்க இருக்கிற அண்ணனை ஓட்டைத் தகட்டில் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறேன், என் கையாலேயே கையெழுத்துப் போட்டு. உன்னை நம்பி உள்ளே இறங்காமல் விட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

நேற்று பெரிய இன்ஜினியரிடம் போனேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை. காட்டினால் உன்னைத் துறைமுகத்திலேயே விலங்கு மாட்டுவார்கள் என்று பயந்தேன். "அந்தத் தகடு விஷயத்துல எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு சார், என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கிறேன், கப்பலுக்குத் தந்தி அடிங்க" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப் புத்தகத்தை எடுத்து நிதானமாகப் பக்கம் தேடினார்.

"கையெழுத்தை வாபஸ் வாங்கணும்னா கப்பல் இங்க இருக்கணும்மா. கையெழுத்துப் போட்டவங்களும் மேற்பார்வையாளரும் மறுபடி நேர்ல பார்க்கணும். கப்பல் முன்னால இல்லாம எதைப் பார்த்து வாபஸ் வாங்குவீங்க?"

"கப்பல் போயிடுச்சே சார்."

"அதான் நானும் சொல்றேன்."

மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்தார். போய் ஓய்வெடு என்றார்.

தபால் நிலையத்தில் கேட்டேன், கடலில் இருக்கிற போர்க்கப்பலுக்கு வீட்டு ஆட்கள் தந்தி அடிக்க முடியாதாம். இந்தக் கடிதம் போகிற வேகத்தில்தான் என் கத்தலும் போகும்.

கேப்டனிடம் சொல். இன்றைக்கே சொல். உன் மானம் போகட்டும், என் வேலை போகட்டும், அப்பாவுக்குப் பூ போடாவிட்டால் போகட்டும். திருப்பிக்கொண்டு வா.

தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள சுத்தியலுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. ஆனால் அதற்கு நாலு நாள் முன்பே நான் கேப்டனிடம் போய்விட்டேன். உனக்கு எழுதிய பிறகு உள்ளே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அவர் உடனே கூடவே இறங்கி வந்தார். சிமெண்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கையால் தட்டிக் கொடுத்தார். "ஆறு வருஷமா நிக்குதா? என் ஆபீசர்ங்கள்ல பாதிப் பேரைவிட இது உறுதியா இருக்கே" என்று சிரித்தார். தூங்குமூஞ்சியும் சிரித்துத் தொலைத்தான். நான், "திரும்பிடலாம் சார்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், "மூணு பேரு மேல உட்கார்ந்திருக்காங்கப்பா. எண்பது வயசு. விருந்தாளிங்க வந்தாச்சு. ஊரு பூராவும் ரேடியோவுல சொல்லியாச்சு. சிமெண்டு பூசியிருக்குன்னு இந்தக் கப்பலையா திருப்பச் சொல்ற? வேற எதுன்னாலும் திருப்பிடலாம், இதைத் திருப்ப என்னால முடியாது" என்றார். அவர் குரலில் எனக்குக் கோபம் தெரியவில்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், அவ்வளவுதான். வேகத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்.

அவர் தட்டியதாலோ என்னவோ, மறுநாள் சிமெண்டில் ஒரு விரிசல் தெரிந்தது. மயிரிழைதான். அதன் இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். இன்று காலை விரிசல் கோட்டைத் தாண்டி அரை விரல்கடை போயிருக்கிறது. உடைத்தெடுக்க முடியாது, எடுத்தால் கடல் உள்ளே வரும். மேலே இன்னும் சிமெண்ட் பூச முடியாது, ஈரத்தில் பிடிக்காது. எதிர்ச் சுவரிலிருந்து மூன்று மரங்களை முட்டுக் கொடுத்திருக்கிறேன். படுக்கையை இங்கேயே கொண்டுவந்துவிட்டேன். ஒரு மணிக்கு ஒரு தடவை பம்பு ஓட்டுகிறேன்.

வேறு என்ன செய்ய என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நீ பக்கத்தில் இருந்தால் திட்டவாவது செய்வாய். இங்கே திட்டக்கூட ஆள் இல்லை.

அண்ணியிடம் சொல்லாதே.

அண்ணன்


மார்ச் 6

அண்ணா,

அண்ணியிடம் சொல்லிவிட்டேன். தினமும், "என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்பவரிடம் எத்தனை நாள் கடிதத்தை ஒளித்து வைப்பது? எல்லாக் கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுத்தேன். படித்து முடித்து மடித்து வைத்துவிட்டு, உன் சட்டைகளை எல்லாம் எடுத்துத் துவைக்க ஆரம்பித்தார். துவைத்த சட்டைகள்தான். மறுபடியும் துவைக்கிறார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நான் மூன்று நாள் தொடர்ந்து பெரிய இன்ஜினியர் வாசலில் போய் நின்றேன். நாலாவது நாள் என்னைக் கயிறு வைக்கிற கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். "உனக்கு மனசு சரியில்ல, கொஞ்ச நாள் அமைதியா உட்காரு" என்றார்கள். சுத்தியலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கையில் இருந்தது. இப்போது ரேடியோவில் வானிலை கேட்பதுதான் வேலை. நீ போகிற பக்கம் காற்று மாறுகிறதாம்.

விரிசல் எவ்வளவு தூரம் என்று எழுது. என்னால் ஒன்றும் ஆகாது, தெரியும். இருந்தாலும் எழுது.

தங்கை


மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

இன்று காலை பத்து மணிக்கு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம்.

எப்படி இருந்தது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. நான் மேலே போகவில்லை. விடியும்போதே விரிசல் வாய் திறந்துவிட்டது, பம்பை நிறுத்தினால் முழங்கால்வரை தண்ணீர் ஏறுகிறது. தூங்குமூஞ்சி, "நான் பார்த்துக்கிறேன், நீங்க போங்க, இதுக்குத்தானே வந்தீங்க" என்று பிடித்துத் தள்ளினான். இரண்டு படி ஏறினேன். பின்னால் முட்டு மரம் ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. இறங்கிவிட்டேன்.

மேலே விசில் ஊதினார்கள், மேலிருந்து பேசும் குழாய் வழியாகக் கேட்டது. இன்ஜினை நிறுத்தினார்கள். பேசினார்கள், என்னவென்று புரியவில்லை. அப்புறம் அமைதி. அந்த நேரத்தில்தான் பூவைப் போட்டிருப்பார்கள். நான் சிமெண்டுக்குப் பக்கத்துத் தகட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா நேர் வெளியே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான். அழுகைகூட வரவில்லை. இதற்காகவா உன்னைப் பொய்க் கையெழுத்துப் போட வைத்தேன் என்றுதான் தோன்றியது. எட்டு வயசுப் பையன் கேட்டதை நாற்பத்திரண்டு வயசு ஆள் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விருந்தாளிகளையும் மூன்று கிழவர்களையும் துணைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள், அது வேகமாகப் போகும். தபால் பையும் அதில்தான். கண் தெரியாதவர் போகும்முன் கீழே வந்தார். தண்ணீர் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பி, என் தோளைப் பிடித்தார். "வந்துடேன் தம்பி, எங்ககூட" என்றார். எப்படிப் போவது? பம்பு யார் ஓட்டுவது?

கேப்டன் இப்போது சிரிப்பதில்லை. நேர்வழியில் ஊர் திரும்புகிறோம். காற்று எதிரே அடிக்கிறது. ஐந்து நாள் பிடிக்கும். விரிசல் என் கைமுழ நீளம். நீ கேட்டாயே என்று எழுதினேன்.

உன் காதுமேல் தப்பில்லை. அதை மட்டும் மனதில் வை.

அண்ணன்


மே 2

அண்ணா,

எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

மார்ச் 17, திங்கட்கிழமை காலை ரேடியோவில் சொன்னார்கள். உன் கடைசிக் கடிதம் அடுத்த திங்கட்கிழமை வந்தது. அண்ணி உறையைப் பிரிக்காமல் இரண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிரிக்காதவரைக்கும் நீ ஏதோ சொல்லப்போகிறாய் என்று இருந்தது.

இருநூற்று நாற்பது பேரில் பதினொரு பேர் இல்லை. தூங்குமூஞ்சி வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னால் தரையில் உட்கார்ந்தான். "எட்டு நாளா கண்ணே மூடலக்கா நானு. போய் ஒரு மணி நேரம் படுடான்னு அவர்தான் மேல அனுப்பினாரு. படுத்தேன். எழுந்தப்ப கப்பல் சாஞ்சிடுச்சு" என்றான். சிமெண்ட் மொத்தமாகப் போனபிறகும் நாற்பது நிமிஷம் பம்பு ஓடியதாம். அந்த நாற்பது நிமிஷத்தில்தான் படகுகளை இறக்கினார்களாம். "கீழ ஆளு இருந்தாத்தான்க்கா அது ஓடும்" என்றான். பிறகு அழுதான். அவன் இப்போது தூங்குவதே இல்லையாம்.

நீ அடங்கியதுகூட அப்பா அடங்கிய இடத்தில் இல்லை. இரண்டு நாள் தூரம் இந்தப் பக்கம் வந்துவிட்டாய்.

விசாரணை நடந்தது. கேப்டன் கட்டுப் போட்ட கையோடு வந்து, பழைய கப்பல்களில் வழக்கமாக இருக்கும் சின்னக் கசிவு என்று தன்னிடம் சொன்னதாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் அறிக்கையைச் சத்தமாகப் படித்தார்கள். இடப்பக்கம், கீழிருந்து மூன்றாவது தகடு, இரண்டு பக்கமும் பார்த்தது, நன்றாக இருக்கிறது. ஆகவே தகட்டில் குறை இல்லை, புயல்தான் காரணம் என்றார்கள்.

நீ ஒப்புக்கொண்டு எழுதிய பிப்ரவரிக் கடிதம் என் பையில் இருந்தது. கொடுத்தால் பதினொரு வீட்டுப் பாவமும் உன் தலையில் விழும் என்று தெரியும். முந்தின நாளே அண்ணியைக் கேட்டிருந்தேன். துவைத்த சட்டையை மடித்துக்கொண்டே, "குடு. இன்னும் எத்தனை கப்பல்ல இப்படிப் பூசி வெச்சிருக்காங்களோ. அதுலயும் யாரோ ஒருத்தி புருஷன் இருப்பாருல்ல" என்றார். விசாரணையில் எழுந்து நின்று கொடுத்தேன். நான் உள்ளே இறங்கவே இல்லை, அந்த அறிக்கை பொய் என்றும் சொன்னேன். என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

போன வாரம் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு சீட்டு. தனிப்பட்ட கடிதத்தை ஆவணமாக ஏற்க இயலாது. கையெழுத்தை வாபஸ் பெறுவதற்குக் கப்பல் முன்னிலையில் இருக்க வேண்டும்.

நீயே சொல், அதை நான் எங்கே போய்க் கூட்டிவருவேன்? நான் பொய் சொன்னேன் என்று சொல்லக்கூட என்னால் முடியவில்லை. அடுத்த வருஷப் புத்தகத்தில் நாலாவது வரி சேர்க்கிறார்களாம். சண்டையில் தப்பிய அந்தக் கப்பல் புயலோடு போராடிக் கடலில் அடங்கியது என்று. பம்பு ஓட்டியது யார் என்று அதில் இருக்காது. பெரிய இன்ஜினியர் கிடங்குக்கே வந்து, "பார்த்தியாம்மா, உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்று சொல்லிச் சுத்தியலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. மேஜையில் அந்தத் துருத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

உன் கடைசி வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் காதுமேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறாய். யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன்.

அன்றைக்கு நவம்பரில், அந்தத் தகட்டில் முதல் தட்டு தட்டியதும் சத்தம் மந்தமாக இருந்தது. பெயிண்ட் என்று நான் நினைக்கவில்லை. பெயிண்டின் சத்தம் எனக்குத் தெரியாதா? திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ விளக்கை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாய். காலை பத்தரை மணி. கேட்ட உடனே எனக்குத் தெரிந்துவிட்டது அண்ணா. நீ எதையோ மறைக்கிறாய் என்றும், அந்த இடத்துக்குப் போக உனக்கு எவ்வளவு ஆசை என்றும் தெரிந்துவிட்டது. இரண்டாவது தட்டு தட்டாமலேயே, குறிப்பெடுத்தவரிடம் "நல்லா இருக்கு, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தகட்டுக்குப் போனேன்.

உன் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இல்லண்ணா. நான் இன்னும் சாப்பிடல.

தங்கை